நகல் ஏட்டுக்கு யார் சொல்வது? - இணையத்தின் பெயர்ப் புத்தகம் கற்றுக்கொண்ட பாடம்

வணிகவியல் படிக்கும் எல்லோரும் ஒரு கட்டத்தில் மண்டையை உடைத்துக்கொள்ளும் பாடம், வங்கிச் சரிக்கட்டும் பட்டியல். வியாபாரியின் ரொக்க ஏட்டில் ஒரு தொகை இருக்கும். வங்கியின் செல்லேட்டில் வேறொரு தொகை இருக்கும். இரண்டு பக்கமும் யாரும் தப்பு செய்திருக்க மாட்டார்கள். போட்ட காசோலை இன்னும் வசூலாகியிருக்காது, அல்லது வங்கி பிடித்துக்கொண்ட கட்டணம் வியாபாரிக்குத் தெரிந்திருக்காது. ஒரே விஷயத்துக்கு இரண்டு ஏடுகள் இருந்தால், ஒன்றில் நடந்தது மற்றதற்குப் போய்ச் சேரும் வரை ஒரு இடைவெளி இருக்கத்தான் செய்யும்.

அந்த இடைவெளியைக் குறைக்க இரண்டு வழிகள்தான் உண்டு. நகல் வைத்திருப்பவர் அடிக்கடி போய், "ஏதாவது மாறியிருக்கிறதா?" என்று கேட்கலாம். அல்லது மூல ஏட்டை வைத்திருப்பவர், "மாறிவிட்டது" என்று சொல்லி அனுப்பலாம்.

கேட்பதா, சொல்வதா? சின்னக் கேள்விதான். ஆனால் இணையத்தை வடிவமைத்தவர்கள் இதற்கு ஒழுங்கான ஒரு பதிலுக்கு வந்து சேர 1974 முதல் 1996 வரை 22 வருடங்கள் ஆயின! அந்தக் கதைதான் இது.

ஒரே ஒரு கோப்பு

இணையத்தின் தாத்தா என்று சொல்லப்படும் அர்பாநெட், 1969இல் அமெரிக்காவில் நான்கே கணினிகளுடன் தொடங்கியது. கணினிகளுக்குள் பேசிக்கொள்ள எண் முகவரி போதும். மனிதர்களுக்குப் பெயர் வேண்டும். எனவே "இந்தப் பெயர் என்றால் இந்த எண்" என்று ஒரு பட்டியல் தேவைப்பட்டது. டெலிபோன் டைரக்டரி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆரம்பத்தில் ஒவ்வொரு நிறுவனமும் தன் கணினியில் தனக்கென ஒரு பட்டியல் வைத்திருந்தது. ஒன்றுக்கொன்று பொருந்தாது, பாதி பழசு. 1973 டிசம்பரில் பீட்டர் டாய்ச் என்பவர், இணைய வடிவமைப்பாளர்கள் எழுதிப் பகிர்ந்துகொள்ளும் ஆர்.எஃப்.சி. ஆவண வரிசையில் 606ஆம் எண் ஆவணமாக ஒரு யோசனை வைத்தார். ஆளாளுக்கு ஒரு காலாவதியான பட்டியல் வைத்திருப்பது அபத்தம், ஒரே இடத்தில் ஒரே அதிகாரபூர்வப் பட்டியல் இருக்கட்டும், மற்றவர்கள் அதை நகல் எடுத்துக்கொள்ளட்டும் என்பதுதான் அது. அடுத்த மாதமே, 1974 ஜனவரியில், அதற்கு ஏற்பாடு ஆனது.

அந்த ஒரே இடம், கலிஃபோர்னியாவின் மென்லோ பார்க்கில் எஸ்.ஆர்.ஐ. ஆய்வு நிறுவனத்தில் இருந்த வலையமைப்புத் தகவல் மையம். கோப்பின் பெயர் ஹோஸ்ட்ஸ் டாட் டெக்ஸ்ட். மையத்தை 1972 முதல் 1989 வரை நடத்தியவர் எலிசபெத் ஃபைன்லர். எல்லோருக்கும் அவர் "ஜேக்". புதிதாக ஒரு கணினியை இணைக்கிறீர்களா? ஜேக்கின் மையத்துக்குத் தகவல் அனுப்ப வேண்டும். அவர்கள் சரிபார்த்துக் கோப்பில் சேர்ப்பார்கள். வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை புதுப் பதிப்பு தயாராகும். மற்ற எல்லோரும் அவ்வப்போது வந்து முழுக் கோப்பையும் நகல் எடுத்துப் போவார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. கோப்பு மாறியதை நகல் எடுப்பவரின் கணினிக்குத் தெரிவிக்க இந்த ஏற்பாட்டில் எந்த வழியும் இல்லை. வந்து பார்த்தால் உண்டு. வராவிட்டால், அவர் கணினியைப் பொறுத்தவரை புதுக் கணினிகள் பிறக்கவே இல்லை. இடம் மாறிய கணினிகள் பழைய இடத்திலேயே இருக்கின்றன.

பத்து மடங்கு வளர்ந்தால் நூறு மடங்கு செலவு

நூறு கணினிகள் இருந்த வரை இது நன்றாகவே நடந்தது. 1980களில் வலையமைப்பு வேகமாக வளர்ந்தபோதுதான் சிக்கல்.

கணக்கைப் பாருங்கள். 100 கணினிகள் இருந்தால் கோப்பில் 100 வரிகள். அதை 100 பேர் நகல் எடுத்தால் வலையில் ஓடுவது 10,000 வரிகள். 1000 கணினிகள் ஆனால்? கோப்பில் 1000 வரிகள், நகல் எடுப்பவர்கள் 1000 பேர், ஆக 10 லட்சம் வரிகள்! கணினிகள் பத்து மடங்கு கூடினால் நகல் எடுக்கும் செலவு நூறு மடங்கு கூடுகிறது. பின்னாளில் 1987இல் வெளிவந்த 1034ஆம் ஆர்.எஃப்.சி. ஆவணம், பழைய முறை ஏன் தாங்கவில்லை என்பதற்கு இந்த இருமடிக் கணக்கைத்தான் முதல் காரணமாகச் சொல்கிறது.

செலவு மட்டும் அல்ல, அதிகாரமும் ஒரு பிரச்சினை. 1980களில் பெரிய பொதுக் கணினிகள் போய், ஒவ்வொரு துறையிலும் சின்னச் சின்னக் கணினிகள் நிறைய வந்தன. தன் கட்டிடத்தில் தன் கணினிக்குத் தானே பெயர் வைத்த ஒரு பல்கலைக்கழகம், அந்தப் பெயர் வெளியுலகுக்குத் தெரிய மென்லோ பார்க்கின் அடுத்த பதிப்புக்காகக் காத்திருக்க வேண்டும். மூலத் தகவல் இருப்பது ஓரிடம், மூலப் புத்தகம் இருப்பது வேறிடம். கிளை அலுவலகம் வாங்கிய பேனாவுக்கும் தலைமை அலுவலகம் பதிவு போட்டால்தான் செல்லும் என்ற கதை.

புத்தகத்தைக் கிழித்துப் பங்கு போட்டவர்

தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் தகவல் அறிவியல் மையத்தில் இருந்த பால் மொக்கபெட்ரிஸ், 1983 நவம்பரில் 882, 883 என்ற இரண்டு ஆவணங்களை வெளியிட்டார. அதுதான் டி.என்.எஸ். என்று இன்றும் அழைக்கப்படும் பெயர் முறையின் பிறப்பு. அடுத்த வருடமே கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் நான்கு முதுநிலை மாணவர்கள் அதற்கு பைண்ட் என்ற மென்பொருளை எழுதினார்கள். (ஆமாம், மாணவர்கள்தான்!) பின்னாளில் உலகின் பெயர் சர்வர்களில் பெரும்பகுதி ஓடியது அந்த மென்பொருளில்தான்.

மொக்கபெட்ரிஸ் செய்தது, ஒரே புத்தகத்தைக் கிழித்து அத்தியாயம் அத்தியாயமாகப் பங்கு போட்டது. ஒரு பல்கலைக்கழகத்தின் பெயர்கள் அந்தப் பல்கலைக்கழகத்தின் கையில். ஒரு நாட்டின் பெயர்கள் அந்த நாட்டின் கையில். ஒவ்வொரு பங்குக்கும் மண்டலம் என்று பெயர். உலகம் முழுமைக்குமான ஒரே கோப்பை யாரும் இனி நகல் எடுக்க வேண்டியதில்லை. இருமடிக் கணக்கு ஒழிந்தது.

ஆனால் நகல் ஒழியவில்லை. மண்டலத்துக்கு ஒரே ஒரு சர்வர் இருந்து அது படுத்துவிட்டால், அந்த நிறுவனமே இணையத்தில் காணாமல் போய்விடும். எனவே ஒரு முதன்மை சர்வர், அதிலிருந்து நகல் எடுத்து வைத்திருக்கும் துணை சர்வர்கள் சில என்று ஏற்பாடு. அதாவது ஒரு பெரிய ஒத்திசைவுப் பிரச்சினை, ஆயிரக்கணக்கான சின்ன ஒத்திசைவுப் பிரச்சினைகளாக மாறியது.

ஒரு எண்ணும் மூன்று கடிகாரங்களும்

அந்தச் சின்னப் பிரச்சினைக்கு மொக்கபெட்ரிஸ் கொடுத்த தீர்வு அழகானது. மண்டலத்தின் தலைப்பக்கத்தில் ஒரு வரிசை எண் இருக்கும். மண்டலத்தில் எதை மாற்றினாலும் அந்த எண்ணைக் கூட்டிவிட வேண்டும். துணை சர்வர் முழு மண்டலத்தையும் கேட்க வேண்டாம். தலைப்பக்கத்தை மட்டும் கேட்டு, எண் தன்னிடம் உள்ளதைவிடப் பெரியதா என்று பார்த்தால் போதும். பெரியது என்றால் நகல் எடு. இல்லையென்றால் சும்மா இரு.

எத்தனை நேரத்துக்கு ஒருமுறை கேட்பது? அதையும் தலைப்பக்கமே சொல்லும். 1987இன் 1035ஆம் ஆவணத்தில் உள்ள எடுத்துக்காட்டில் மூன்று கால அளவுகள் வருகின்றன. 7200 விநாடிக்கு ஒருமுறை, அதாவது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, வந்து பார். முதன்மை சர்வர் பதில் சொல்லாவிட்டால் 600 விநாடி, அதாவது பத்து நிமிடம், கழித்து மீண்டும் முயற்சி செய். 36,00,000 விநாடி, அதாவது ஏறக்குறைய 42 நாள், வரை தொடர்பே கிடைக்கவில்லை என்றால் உன் நகல் காலாவதி. அதை வைத்துக்கொண்டு யாருக்கும் பதில் சொல்லாதே.

கடைசி விதியை மட்டும் இன்னொரு முறை படியுங்கள். தெரியாது என்று சொல்வது, தவறாகச் சொல்வதைவிட மேல் என்று ஒரு இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள்!

வரிசை எண்ணில் ஒரு வம்பும் உண்டு. பல நிர்வாகிகள் தேதியையே எண்ணாக வைத்தார்கள். வருடம், மாதம், நாள், கடைசியில் அன்றைய எத்தனையாவது மாற்றம் என்று இரண்டு இலக்கம். பார்த்தவுடன் புரியும். ஆனால் கை தவறி 2003 என்பதை 2030 என்று அடித்துவிட்டால்? மறுநாள் சரியான தேதியைப் போட்டால், துணை சர்வர்களுக்கு அது சின்ன எண். "இது பழைய பதிப்பு" என்று ஒதுக்கிவிடுவார்கள். முதன்மையில் எல்லாம் சரியாக இருக்கும், நகல்கள் எல்லாம் உறைந்து கிடக்கும். அதிலிருந்து மீள, எண் முழுச் சுற்று சுற்றித் திரும்பி வருவது போல ஒரு வித்தை செய்ய வேண்டும். எண்களை எப்படி ஒப்பிட வேண்டும் என்பதற்காகவே 1996இல் 1982ஆம் எண்ணில் தனி ஆவணம் போட்டார்கள்.

தேதி முறையில் இன்னொரு குறை, ஒரு நாளைக்கு 100 மாற்றங்களுக்கு மேல் இடம் இல்லை. டாட் காம், டாட் நெட் பட்டியல்களை நடத்தும் வெரிசைன் நிறுவனம் அதுவரை நாளுக்கு இரண்டு முறைதான் புதுப் பதிப்பு வெளியிட்டு வந்தது. 2004இல் அதைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை என்று மாற்றியது. அதற்கு முன்பாகவே தேதி எண்ணைக் கைவிட்டு, 1970 முதல் கடந்த விநாடிகளின் எண்ணிக்கைக்கு மாறிவிட்டது.

கேட்டுக்கொண்டே இருப்பதன் விலை

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கேட்பதில் என்ன கஷ்டம்? துணை சர்வர் இப்போதுதான் பார்த்துவிட்டுப் போயிருக்கிறது. அடுத்த நிமிடம் நிர்வாகி ஒரு முகவரியை மாற்றுகிறார். அடுத்த இரண்டு மணி நேரத்துக்கு முதன்மை சர்வர் ஒரு பதிலும் துணை சர்வர் வேறு பதிலும் சொல்லும். யாரிடம் கேட்டார் என்பதைப் பொறுத்து ஒருவருக்கு மெயில் போகும், இன்னொருவருக்குப் போகாது. துணையிடமிருந்து இன்னொரு துணை நகல் எடுத்தால் தாமதத்தோடு தாமதம் கூடும்.

அப்படியானால் நிமிடத்துக்கு ஒருமுறை கேட்கச் சொன்னால்? ஒரு துணை சர்வர், ஒரு மண்டலத்துக்கு மட்டும், நாளொன்றுக்கு 1440 முறை கேட்கும். மண்டலமோ மாதத்துக்கு ஒருமுறை மாறினால் பெரிது. 43,000 தடவை "ஒன்றும் மாறவில்லை" என்று பதில் சொல்வதற்காக ஒரு சர்வர்! குறைவாகக் கேட்டால் பழசு, அதிகமாகக் கேட்டால் சுமை. கேட்பதை மட்டும் வைத்துக்கொண்டு இந்த இழுபறியிலிருந்து தப்பிக்க முடியாது.

1996 ஆகஸ்ட்

அந்த மாதம் இரண்டு ஆவணங்கள் அடுத்தடுத்த எண்களில் வெளிவந்தன. 1995ஆம் ஆவணத்தை எழுதியவர் டோக்கியோ தொழில்நுட்பக் கழகத்தின் மசடாகா ஓட்டா. 1996ஆம் ஆவணத்தை எழுதியவர், பைண்ட் மென்பொருளைப் பராமரித்து வந்த பால் விக்ஸி. (வருடமும் எண்ணும் ஒன்றாக அமைந்தது தற்செயல்.)

ஓட்டாவின் யோசனை: முழு மண்டலத்தையும் ஏன் அனுப்ப வேண்டும்? துணை சர்வர், "என்னிடம் இந்த எண் பதிப்பு இருக்கிறது" என்று சொல்லட்டும். முதன்மை சர்வர் அதிலிருந்து நீக்கியவை இவை, சேர்த்தவை இவை என்று வித்தியாசத்தை மட்டும் அனுப்பட்டும். அவ்வளவு பழைய வரலாறு முதன்மையிடம் இல்லையென்றால்? கவலை இல்லை, பழைய மாதிரி முழுப் புத்தகத்தையும் அனுப்பிவிடும்.

விக்ஸியின் யோசனைதான் 22 வருடக் கேள்விக்குப் பதில். மண்டலம் மாறியதும் முதன்மை சர்வர் தன் துணைகளுக்கு ஒரு சின்னச் செய்தி அனுப்பும். பதில் வராவிட்டால் மீண்டும் அனுப்பும். 60 விநாடி இடைவெளியில் ஐந்து முறை வரை என்பது ஆவணம் சொல்லும் நியாயமான அளவு. அதன் பிறகு விட்டுவிடும்.

இங்கேதான் அந்த வடிவமைப்பின் புத்திசாலித்தனம். "மாறிவிட்டது" என்ற அந்தச் செய்தி வந்ததும் துணை சர்வர் என்ன செய்ய வேண்டும்? செய்தியில் இருப்பதைத் தன் ஏட்டில் எழுதிக்கொள்ளக் கூடாது. தன் இரண்டு மணி நேரக் கடிகாரம் இப்போது அடித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு, தானாகவே முதன்மையிடம் போய் வரிசை எண்ணைக் கேட்க வேண்டும். அவ்வளவுதான். செய்தியோடு புது எண் வந்திருந்தாலும் அது வெறும் குறிப்பு. தன் முதன்மை இல்லாத வேறு யாரோ அனுப்பிய செய்தி என்றால் கண்டுகொள்ளவே கூடாது.

இப்படிச் செய்ததால் கிடைத்த லாபத்தைப் பாருங்கள். செய்தி வழியில் தொலைந்துபோனால்? நஷ்டம் இல்லை, பழைய கடிகாரம் எப்படியும் அடிக்கும். ஒரே செய்தி மூன்று முறை வந்தால்? மூன்று முறை எண்ணைப் பார்க்கும், அதே எண்தான், திரும்பிவிடும். யாராவது பொய்ச் செய்தி அனுப்பினால்? ஒரு வீண் கேள்வியோடு போய்விடும். ஏட்டில் பொய் ஏறாது. செய்தியைப் புரிந்துகொள்ளத் தெரியாத பழைய சர்வரா? அது தன்பாட்டுக்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வந்து போகும்.

அதாவது, சொல்வது கேட்பதற்குப் பதிலாக வரவில்லை. கேட்பதற்கு மேலே வந்து உட்கார்ந்தது. அடியில் மெதுவான ஆனால் நிச்சயமான சரிபார்ப்பு. மேலே வேகமான ஆனால் நம்பத் தேவையில்லாத கூப்பாடு.

சொல்லி அனுப்புவதற்கு ஓர் எல்லையும் உண்டு. யாருக்குச் சொல்ல வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். துணை சர்வர்கள் யார் என்பது முதன்மைக்குத் தெரியும். ஆனால் உலகம் முழுக்க எந்தெந்த சர்வர்கள் ஒரு பதிலைக் கேட்டுத் தற்காலிகமாக நினைவில் வைத்திருக்கின்றன என்பது யாருக்கும் தெரியாது. அவர்களுக்குச் சொல்லி அனுப்ப வழி இல்லை. எனவே மருந்து அட்டையில் போடுவது போல, ஒவ்வொரு பதிலிலும் காலாவதி நேரம் எழுதி அனுப்புவது ஒன்றே வழி.

அந்த எல்லை எவ்வளவு வலிக்கும் என்பதை ஸ்வீடன் 2009 அக்டோபர் 12 இரவு பார்த்தது. அந்த நாட்டின் டாட் எஸ்.ஈ. மண்டலக் கோப்பைத் தயாரிக்கும் நிரலில் ஒரு தவறு. பெயர்களின் முடிவில் வரவேண்டிய ஒரு புள்ளி விடுபட்டது. முடிவில் புள்ளி இல்லையென்றால் மண்டலத்தின் பெயரையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பது விதி. எனவே சர்வர் பெயர்கள் எல்லாம் "எஸ்.ஈ. எஸ்.ஈ." என்று இரட்டை வாலோடு நின்றன. சுமார் 9 லட்சம் முகவரிகள் பாதிக்கப்பட்டன. சுமார் ஒரு மணி நேரத்தில் சரியான பதிப்பு வெளியாகிவிட்டது. ஆனால் தவறான பதிலை ஏற்கெனவே நினைவில் வைத்துக்கொண்ட சர்வர்கள் அதைக் காலாவதி ஆகும் வரை விடவில்லை. ஒத்திசைவு தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்தது. நல்லதை எப்படிப் பரப்புமோ அதே விசுவாசத்தோடு தப்பையும் பரப்பியது!

கணினிகளுக்குப் பிறகு மனிதர்கள்

கணினிகளின் பெயர்ப் புத்தகம் இந்தப் பாடத்தைப் படித்துக்கொண்டிருந்த அதே காலத்தில், மனிதர்களின் பெயர்ப் புத்தகம் அதே பாடத்தை வேறு பள்ளிக்கூடத்தில் படித்தது. உலகளாவிய டைரக்டரி ஒன்றுக்கான எக்ஸ்.500 என்ற தரத்தை சர்வதேசத் தொலைத்தொடர்பு அமைப்பு 1988இல் கொண்டுவந்தது. அது மிகவும் கனமானது. அதை இளைக்க வைத்து, மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் டிம் ஹோவ்ஸ் உள்ளிட்ட மூவர் 1993 ஜூலையில் 1487ஆம் ஆவணமாக எழுதியதுதான் எல்டாப். பெயரிலேயே "லைட்வெயிட்" இருக்கிறது. அலுவலகத்தில் ஒருவர் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து உள்ளே நுழையும்போது, "இவர் நம் ஆள்தானா?" என்று பின்னால் கேட்கப்படுவது பெரும்பாலும் இப்படிப்பட்ட ஒரு டைரக்டரியிடம்தான்.

இங்கே பந்தயம் பெரியது. வேலையை விட்டு நீக்கப்பட்ட ஒருவரின் கணக்கைத் தலைமை டைரக்டரியில் மூடிவிட்டார்கள். கிளையில் இருக்கும் நகலுக்கு அது போய்ச் சேரவில்லை. அந்த இடைவெளியில் அவருக்குக் கதவு திறந்தே இருக்கும்.

மிச்சிகன் மென்பொருளில் நகல்களைப் பார்த்துக்கொண்டது ஸ்லர்ப்டி என்ற நிரல். அது முழுக்க முழுக்கச் சொல்லும் முறை. முதன்மையில் நடந்த மாற்றங்களை ஒரு பதிவேட்டில் எழுதி, அவற்றை அப்படியே ஒவ்வொரு நகலிலும் போய்ச் செய்யும். நகலின் நிலைமை என்ன என்று அது கேட்பதே இல்லை. தொடக்கத்தில் இரண்டும் ஒன்றுபோல இருந்தால்தான் வேலை நடக்கும். ஏதோ ஒரு காரணத்தால் நகல் ஒரு மாற்றத்தை ஏற்க மறுத்தால், அது மறுக்கப்பட்டவை என்ற கோப்பில் போய் விழும். ஒரு மனிதர் வந்து பார்த்துக் கையால் சரிசெய்ய வேண்டும். டி.என்.எஸ். அடியில் வைத்திருந்த மெதுவான சரிபார்ப்பு இங்கே இல்லை. அதனால் ஒருமுறை வழுக்கினால் வழுக்கியதுதான்.

மைக்ரோசாஃப்டின் ஆக்டிவ் டைரக்டரி, விண்டோஸ் 2000உடன் வந்தது. அதில் விக்ஸியின் வழியே தெரிகிறது. ஒரே வளாகத்துக்குள் ஒரு சர்வரில் மாற்றம் நடந்தால், ஐந்து நிமிடம் கழித்துப் பக்கத்து சர்வருக்கு "மாறியிருக்கிறது" என்று சொல்லும். அது வந்து எடுத்துக்கொள்ளும். 2003 பதிப்பில் அந்த ஐந்து நிமிடம் 15 விநாடியாகக் குறைந்தது. வெவ்வேறு வளாகங்களுக்கு நடுவே மட்டும் சொல்லி அனுப்புவது கிடையாது. வேறு ஏற்பாடு செய்யாவிட்டால் 180 நிமிடத்துக்கு ஒருமுறை கேட்பதுதான். தப்பான கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்ப அடித்ததால் ஒரு கணக்கு பூட்டப்பட்டால், வளாகத்துக்குள் அந்த 15 விநாடியும் காத்திருக்காமல் உடனே சொல்லிவிடும்.

இல்லாததை எப்படிச் சொல்வது?

எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவாக ஒரு எல்டாப் நகல் நெறிமுறை வேண்டும் என்று இணையத் தரங்களை வகுக்கும் ஐ.இ.டி.எஃப். அமைப்பு ஒரு குழுவையே போட்டது. 2002இல் தேவைகளின் பட்டியல் வெளிவந்தது. 2004இல் 3928ஆம் ஆவணமாக ஒரு பகுதித் தீர்வு வந்தது. முழுமையான தரம் வராமலே குழு கலைந்தது.

2006 ஜூனில் கர்ட் சைலெங்கா, ஜோங் ஹியூக் சோய் இருவரும் 4533ஆம் ஆவணத்தைப் பரிசோதனை நிலை ஆவணமாக வெளியிட்டார்கள். ஓப்பன் எல்டாப் மென்பொருள் அந்த முறையைத்தான் ஏற்றது, 2007இன் 2.4 பதிப்பில் ஸ்லர்ப்டிக்கு விடை கொடுத்தது.

இதில் பேச்சை ஆரம்பிப்பது நகல். கடைசியாகப் பார்த்த நிலையைக் குறிக்கும் ஒரு அடையாளச் சீட்டை நீட்டும். முதன்மை, அதற்குப் பிறகு நடந்தவற்றைச் சொல்லும். அதோடு முடித்துக்கொள்ளலாம், அல்லது இணைப்பைத் துண்டிக்காமல் காத்திருந்து, மாற்றங்கள் நடக்க நடக்க வாங்கிக்கொள்ளலாம். டி.என்.எஸ். போல இல்லாமல் இங்கே மாற்றமே செய்தியில் வந்துவிடுகிறது. ஆனால் இணைப்பு அறுந்தால் மறுபடியும் சீட்டை நீட்டி முதலிலிருந்து சரிபார்ப்புதான். அடித்தளம் அதேதான்.

மிகச் சிக்கலான இடம் நீக்கம். சேர்த்ததைச் சொல்லலாம், மாற்றியதைச் சொல்லலாம். நீக்கியதை? அந்தப் பதிவே இப்போது இல்லையே! நீக்கியவற்றின் நினைவுப் பட்டியலை முதன்மை வைத்திருந்தால், "இவை போய்விட்டன" என்று சொல்லிவிடலாம். ஆனால் எத்தனை காலம் அதைச் சேர்த்து வைப்பது? பட்டியல் இல்லாத நேரத்துக்காக 4533 ஒரு மாற்று வழி வைத்திருக்கிறது. மாறாமல் இருக்கும் பதிவுகளுக்கு விவரம் எதுவும் இல்லாமல், அடையாள எண்ணை மட்டும் சொல்லி "இது இருக்கிறது, இது இருக்கிறது" என்று வரிசையாகக் கூப்பிடும். கூப்பிட்டு முடித்ததும், பெயர் வராத பதிவுகளை நகல் அடித்துவிட வேண்டும். வகுப்பில் வருகைப் பதிவு எடுப்பது போலத்தான். வராதவர் யார் என்று யாரும் சொல்வதில்லை. வந்தவர்களை எண்ணினால் வராதவர் தெரிந்துவிடுகிறார். வேலையை விட்டுப் போனவரின் பெயர் கிளையிலும் அழிவது இப்படித்தான்.

கடைசியாக ஒரு கணக்கு

இன்றைக்கும் ஒரு டி.என்.எஸ். மண்டலத்தின் தலைப்பக்கத்தைத் திறந்து பார்த்தால் 1980களில் வைத்த வரிசை எண்ணும் கால அளவுகளும் அப்படியே இருக்கும். சொல்லி அனுப்பும் வசதி வந்து இத்தனை வருடமாகியும் கேட்கும் கடிகாரத்தை யாரும் கழற்றவில்லை. கழற்றவும் கூடாது.

வணிகவியல்காரர்களுக்கு இது புதிதல்ல. வங்கியிலிருந்து கைபேசிக்கு வரும் "உங்கள் கணக்கில் வரவு" என்ற குறுஞ்செய்தி, விக்ஸியின் செய்தி மாதிரிதான். அது வந்தால் கணக்கைத் திறந்து பார்க்க வேண்டும். அதையே ரசீதாக நினைத்துச் சரக்கைத் தூக்கிக் கொடுத்த கடைக்காரர்கள், போலிக் குறுஞ்செய்தியில் ஏமாந்திருக்கிறார்கள். செய்தி வராவிட்டாலும் மாதக் கடைசியில் சரிக்கட்டும் பட்டியல் போட்டே ஆக வேண்டும்.

அறிவிப்பு வந்தால் உடனே போய்ப் பாருங்கள். பார்த்த பிறகு ஏட்டில் எழுதுங்கள். அறிவிப்பே வராவிட்டாலும் குறித்த நாளில் ஒருமுறை போய்ப் பாருங்கள். 1996ஆம் எண் ஆவணத்தின் சாரம் இந்த மூன்று வரிதான்.